பழைய வின்ச் கயிற்றிலிருந்து சாஃப்ட் ஷாக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீப்பின் வின்ச்சில், அதாவது சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டாரில், புதுக் கயிறு மாட்டியாகிவிட்டது. பழையது மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. எறியவும் மனசில்லை, மறுபடி டிரம்மில் (வின்ச்சின் கயிறு சுற்றும் உருளையில்) சுற்றவும் தைரியமில்லை. அந்தக் கயிற்றில் சாஃப்ட் ஷாக்கிள் செய்வதைப் பற்றி நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முடிச்சைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் துண்டைக் கழிப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதியிருக்கிறேன்.

சாஃப்ட் ஷாக்கிள் என்றால் என்ன?

சட்டைப் பொத்தானும் காஜாவும்தான். ஒரு முழம் கயிறு. ஒரு முனையில் உருண்டை முடிச்சு, மறு முனையில் அந்த முடிச்சு நுழையும் அளவுக்கு ஒரு காஜா. வளைத்து மாட்டினால் வளையம். வின்ச் கயிற்றின் கண்ணையும் (முனை வளையம்) மரத்தைச் சுற்றிய நாடாப் பட்டையையும் இணைக்க, திருகு போட்டு மூடும் இரும்பு ஷாக்கிளுக்குப் பதிலாக இதைப் போடலாம். பாய்மரப் படகுக்காரர்கள் பாயையும் கயிற்றையும் இணைக்கப் பயன்படுத்திய சங்கதி. அங்கிருந்துதான் நம் வண்டிகளுக்கு வந்தது.

சாமர்த்தியம் எல்லாம் காஜாவில் இருக்கிறது. வளையத்தின் உடல் ஒற்றைக் கயிறு அல்ல, கயிற்றுக்குள் கயிறு. வெளிக்கயிற்றைப் பின்னுக்குத் தள்ளினால் காஜா விரியும். முன்னால் உருவிவிட்டால் முடிச்சின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். சுமை ஏற ஏறப் பிடி இறுகும்.

எல்லாப் பழைய கயிற்றிலும் செய்யலாமா?

முடியாது. உள்ளே குடல்போல் வெற்றிடம் உள்ள பன்னிரண்டு புரிப் பின்னல் கயிறு வேண்டும். ஆறு புரி வலமாகவும் ஆறு புரி இடமாகவும் சுற்றி வரும். நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்துக்குள்தான் இன்னொரு கயிற்றைப் புதைக்கிறோம்.

இழை டைனீமா அல்லது ஸ்பெக்ட்ரா வகையாக இருக்க வேண்டும். இரண்டுமே மிக நீளமான மூலக்கூறு கொண்ட பாலித்தீன்தான். பிளாஸ்டிக் குடத்தின் தூரத்துச் சொந்தம். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் இதைக் கூழாகக் கரைத்து இழுத்து இழையாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை 1979-இல், டைனீமா என்ற பெயரில் ஆலை உற்பத்தி 1990-இல் தொடங்கியது.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும், இது மிதக்கும். ஆனால் மிதந்துவிட்டாலே டைனீமா என்று முடிவுகட்ட வேண்டாம். பந்தல்காரர் கட்டும் பாலிப்ரோப்பிலீன் கயிறும் மிதக்கும், பலத்தில் இதன் பக்கத்தில்கூட வராது. தொட்டால் மெழுகு பூசியதுபோல் வழுக்க வேண்டும். வாங்கும்போது என்ன கயிறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

ஓய்வு கொடுத்த கயிறு என்றாலே பலமிழந்த கயிறுதானே? அதில் எப்படி நம்பி ஷாக்கிள் செய்வது?

நியாயமான கேள்வி. கயிறு ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதுதான் இதற்கு விடை. 28 மீட்டர் கயிற்றில் ஏதோ மூன்றிடத்தில் பழுது வந்ததும் மொத்தத்தையும் மாற்றுகிறோம். மீதியில் நல்ல பகுதி உண்டு. அது எங்கே என்று தெரிய, கயிறு எங்கெங்கே அடிபடுகிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் கொக்கி முனை. பாறையில் உரசுவதும், சேற்றில் புரள்வதும், பம்பர் விளிம்பில் தேய்வதும் இதுதான். கடைசி மூன்று நான்கு மீட்டரைப் பார்க்காமலேயே வெட்டி ஒதுக்கிவிடுகிறேன்.

அடுத்தது டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிச்சுற்று. நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது கோள்கியர் (பிளானெட்டரி கியர்) வின்ச். அவற்றில் பலவற்றில் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருக்கிறது. சரிவில் வண்டியை வின்ச்சிலேயே இறக்கும்போது பிரேக் சூடாகி, டிரம்மும் சூடாகும். இந்த இழை உருகுவது சுமார் 145 முதல் 150 டிகிரியில். ஆனால் பலம் குறைய அவ்வளவு சூடு தேவையில்லை. 70 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைத்திருப்பதே நல்லது. 9,500 பவுண்டு இழுக்கும் வின்ச் ஒன்றின் டிரம் விட்டம் சுமார் 64 மி.மீ., அகலம் 22 செ.மீ. அதில் 10 மி.மீ. கயிறு முதல் அடுக்கில் இருபது சுற்றுக்குமேல் போகும். ஏறக்குறைய 5 மீட்டர். இரண்டாம் அடுக்கிலும் கொஞ்சம் சேர்த்து 8 மீட்டரைக் கழித்துவிடுங்கள். பார்ப்பதற்கு அதுதான் புதுசுபோல இருக்கும், வெயிலே பட்டிருக்காது. அந்த அழகில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மிச்சம் நடுப்பகுதி, சுமார் 16 மீட்டர். வெயிலும் குறைவு, சூடும் குறைவு, உரசலும் குறைவு. ஒரே ஒரு எதிரி உண்டு: தளர்வாகச் சுற்றிய டிரம்மில் சுமையோடு இழுக்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு இடையே கத்திபோல இறங்கிவிடும். அங்கே கயிறு நசுங்கியிருக்கும். அந்த இடங்களையும் வெட்டினால், ஒரு முழுக் கயிற்றிலிருந்து நம்பிக்கையான ஷாக்கிள் ஐந்து வந்தால் அதிகம். பத்துப் பன்னிரண்டு செய்துவிட்டேன் என்று யாராவது காட்டினால், கழிக்க வேண்டியதையும் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

நடுப்பகுதியில் எதைப் பார்த்துக் கழிப்பது?

முதலில் மிதமான சோப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, கையால் பிசைந்து அலசி, நிழலில் காயப்போடுங்கள். சேற்றோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு வெளிச்சத்தில் ஒரு சாண் ஒரு சாணாக விரல் ஓட்டுங்கள்.

மேலே பஞ்சுபோல மயிர் எழும்பியிருந்தால் பயப்பட வேண்டாம். புதுக் கயிறும் சில இழுப்புகளில் அப்படி ஆகும், அது உள்ளிழைகளுக்குப் போர்வை. ஆனால் ஒரு புரி மற்ற புரிகளைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால், கால்வாசி இழை போயிருந்தாலே, அந்த இடம் வேண்டாம். அறுந்த புரி ஒன்றே ஒன்று இருந்தாலும் ஷாக்கிளுக்கு ஆகாது. திடீரென ஒல்லி, திடீரென மேடு என்றிருந்தால் உள்ளே ஏதோ ஆகியிருக்கிறது. பின்னலை இரு கையாலும் எதிரெதிராகத் தள்ளினால் வாய் திறக்கும். உள்ளே மணலும் பொடியான இழையும் இருந்தால் வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள்.

ஒரு பக்கம் பளபளவென்று விறைத்திருக்கிறதே, உருகிவிட்டதா?

உருகியும் இருக்கலாம், வெறுமனே அழுந்தியும் இருக்கலாம். வளைத்து, முறுக்கி, பிசைந்து பாருங்கள். டிரம்மில் அழுந்தியதால் வந்த பளபளப்பு என்றால் கயிறு மெல்ல இளகிப் பழைய நிலைக்கு வரும். உருகி ஒட்டியதென்றால் எவ்வளவு பிசைந்தாலும் குச்சிபோல நிற்கும், இழைகள் பிரியாது. இளகியது நல்லது; இளகாததை இருபுறமும் ஒரு முழம் சேர்த்து வெட்டுங்கள்.

செய்து முடித்த ஷாக்கிள் எவ்வளவு தாங்கும்?

வளையத்தின் இரு பக்கமும் இரட்டைக் கயிறு. ஆக நாலு கயிறு சுமக்கிறது, நாலு மடங்கு தாங்கும் என்று கணக்குப் போடத் தோன்றும். நடப்பது அப்படியல்ல. முடிச்சு முதலில் போகும். நன்றாகக் கட்டிய சாதாரண ஷாக்கிளுக்கு ஒற்றைக் கயிற்றின் பலத்தில் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

10 மி.மீ. கயிறு புதிதில் சுமார் 8.5 டன்னில் அறும். பழசு என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்கிவிடுவேன்: 4.25. அதில் ஒன்றரை மடங்கு, 6.4 டன். 9,500 பவுண்டு வின்ச் முழு இழுப்பில் தருவது 4.3 டன். நேர் இழுப்புக்கு இடைவெளி இருக்கிறது, ஆனால் தாராளம் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. இரும்பு ஷாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருப்பது வேலைச்சுமை. உடைவது அதைப்போல ஐந்து ஆறு மடங்கில். கடையில் விற்கும் சாஃப்ட் ஷாக்கிள் அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் அறும் சுமை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, ‘கயிறு இரும்பைவிட ரெண்டு மடங்கு பலம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான்.

அப்படியானால் எந்த இடத்தில் மாட்டவே கூடாது?

ஸ்னாட்ச் பிளாக்கை, அதாவது கயிற்றைத் திருப்பிவிடும் கப்பியை, பிடித்திருக்கும் இடத்தில். கயிறு கப்பியைச் சுற்றித் திரும்பி வரும்போது, வின்ச் இழுப்பது 4.3 டன் என்றால் கப்பியை மரத்தோடு கட்டியிருக்கும் ஷாக்கிள் மேல் விழுவது ஏறக்குறைய 8.6 டன். மேலே போட்ட 6.4 எங்கே, இது எங்கே! கப்பிக்குப் பதிலாக இப்போது வரும் அலுமினிய வளையத்துக்கும் இதே கணக்குதான். அங்கே புதுக் கயிற்றில் செய்த தடித்த ஷாக்கிளைப் போடுங்கள்.

இழுபடும் கைனடிக் கயிற்றை மாட்டி வண்டியால் வெடுக்கென்று இழுக்கும் வேலைக்கும் வேண்டாம். அந்த நொடியில் சுமை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டோ பால்-இல் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) எதையுமே மாட்டி இழுக்கக் கூடாது. அது ஷாக்கிளைப் பற்றிய விஷயமே அல்ல, தெறித்தால் உயிர் போகும்.

தகட்டில் துளையிட்டுச் செய்த பம்பர் கொளுவிகளைக் கவனியுங்கள். துளையின் விளிம்பில் விரலை ஓட்டினால் கூர் தெரிந்தால், அது டைனீமாவுக்குக் கத்தி. அரம் வைத்து உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே இரும்பு ஷாக்கிளையே மாட்டுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

கூரான கத்தி, இன்சுலேஷன் டேப், மார்க்கர், அளவு நாடா, இரண்டாக மடித்த பின்னும் அரை மீட்டருக்கு மேல் வரும் கட்டுக்கம்பி. கம்பியை அப்படி மடித்து நீள ஊசியாக்கினால் கயிற்றைக் கயிற்றுக்குள் இழுக்க அதுவே போதும். சாதாரணக் கத்தரிக்கோல் இந்த இழையிடம் தோற்றுவிடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, டேப்பின் மேலேயே வெட்டுங்கள். தீக்குச்சியால் முனையைப் பொசுக்கினால் கடினக் கட்டியாகிவிடும். பிறகு அது உள்ளே நுழையாது.

10 மி.மீ. கயிற்றுக்கு எவ்வளவு நீளம்?

2.4 மீட்டர். முடிந்தபின் உடல் சுமார் அரை மீட்டர், மாட்டினால் உள்விட்டம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வால்களில் மிச்சம் வரும், வரட்டும். முடிச்சுப் போடும்போது வால் போதாமல் விரல் நுனியால் போராடியவர்களுக்கு அந்த மிச்சத்தின் அருமை தெரியும்.

உடலை எப்படிச் செய்வது?

கயிற்றை நடுவில் மடித்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு கால் மேல் 7 செ.மீ. தள்ளி ஒரு குறி. அதே காலில் இன்னும் 55 செ.மீ. தள்ளி இரண்டாவது குறி. முதல் குறி நுழைவாயில், இரண்டாவது வெளிவாசல்.

கம்பியை வெளிவாசலில் நுழைத்து, கயிற்றின் குடல் வழியாகவே ஓட்டி, நுழைவாயிலில் வெளியே எடுங்கள். வழியில் கம்பி எந்தப் புரியையும் குத்திக்கொண்டு போகக் கூடாது. மற்றக் காலின் வால் முனையை ஒடுக்கி டேப் சுற்றிக் கம்பியில் மாட்டி, மெல்ல இழுங்கள். வெளிக்கயிறு சுருங்கிக் குவியும். சுருங்கினால்தான் விட்டம் விரிந்து இடம் கொடுக்கும். வால் வெளிவாசலில் வந்ததும் வெளிக்கயிற்றை உருவி நேராக்குங்கள். தடித்ததால் உடலின் நீளம் குறித்ததைவிடச் சில சென்டிமீட்டர் குறையும்.

இப்போது ஒரு முனையில் காஜா, மறு முனையில் இரண்டு வால்கள். பழைய கயிற்றில் இந்தக் கட்டம்தான் பொறுமையைச் சோதிக்கும்; டிரம்மில் தட்டையானது எளிதில் வாய் திறக்காது. முன்கூட்டியே நன்றாகப் பிசைந்து வைத்தால் பாதி வேலை குறையும்.

பொத்தான் முடிச்சு எப்படி?

இதை எழுத்தில் விளக்குவது கோலத்தைப் போனில் சொல்லிப் போடவைப்பது மாதிரி. ஆனாலும் வரிசை இது. இடது வாலால் ஒரு கண்ணி போடுங்கள். வலது வால் அந்தக் கண்ணியின் கயிறுகளை மேல், கீழ், மேல், கீழ் என்று மாறிமாறிக் கடந்து போக வேண்டும். நான்கு பக்கமும் சீராக, நடுவில் வைரம்போல ஒரு கட்டம் தெரியும். பிறகு ஒவ்வொரு வாலும் தான் வந்த திசையிலேயே தொடர்ந்து, எதிர்ப்பக்கக் கயிற்றின் வேரைச் சுற்றி, அடியிலிருந்து அந்த நடுக்கட்டம் வழியாக மேலே வர வேண்டும். இரண்டு வால்களும் ஒரே துளையில் ஜோடியாக மேலே வந்தால் சரி.

முதலில் இரண்டு நிறச் செருப்பு லேஸை ஒட்டிவைத்துப் பத்து முறை கட்டுங்கள். எந்த வால் எங்கே போகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்கே கொடுத்த மொழிக்காரர்கள் நாம், முடிச்சா நமக்குக் கஷ்டம் என்று நானும் நினைத்தேன். வழுக்கும் இந்தக் கயிறு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டது.

தளர்வான முடிச்சை உடலின் வெளிவாசலை ஒட்டி இறக்கி, ஒவ்வொரு சுற்றாகத் தளர்ச்சியை எடுங்கள். ஒரேயடியாக இழுத்தால் கோணிக்கொள்ளும்.

கையால் இறுக்கினால் போதாதா?

போதாது. என் முதல் ஷாக்கிள் இதில்தான் போனது. கையால் முடிந்தவரை இறுக்கினேன், வால்களை அழகுக்காக ஒட்ட வெட்டினேன். முதல் இழுப்பில் முடிச்சு உள்ளே இறுகியபோது வால்கள் நழுவி, பொத்தான் பிரிந்து, வின்ச் கயிறு பொத்தென்று சேற்றில் விழுந்தது. குறைந்த சுமை என்பதால் தப்பித்தோம்.

சரியான முறை: ஷாக்கிளை மாட்டி, மரத்தைச் சுற்றிய நாடாப் பட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் வைத்து, வின்ச்சால் மெதுவாக ஒன்றரை டன், இரண்டு டன் வரும் அளவுக்கு இழுத்து அப்படியே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். ஆட்கள் கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. கயிற்றின் மேல் கனமான கம்பளியோ ஈரச் சாக்கோ கிடக்கட்டும். பொத்தான் கொட்டைப்பாக்குபோல் கெட்டியாகும், வால்கள் சில சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். அதன் பிறகு 5 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள். இன்னும் நேர்த்தி வேண்டுமென்றால், வால்களை ஒல்லியாக்கி முடிச்சின் வழியே உடலுக்குள் திருப்பிப் புதைக்கலாம். வால் நழுவும் பயமும் போகும், பலமும் கூடும்.

காஜா இறுகிய பொத்தானைச் சிரமத்தோடு கடந்தால் சரியான அளவு. லொடலொடவென்று கடந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

மாட்டும்போது ஏதாவது முறை இருக்கிறதா?

பொத்தான் கொக்கியின் வளைவிலோ பட்டையின் மடிப்பிலோ உட்காரக் கூடாது. பக்கவாட்டில், இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். காஜாவை உருவிக் கழுத்தில் இறுக்கிய பிறகே இழுப்பைத் தொடங்குங்கள்.

இரும்பு ஷாக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?

வேண்டாம், ஒன்றாவது இருக்கட்டும். 4.75 டன் ஷாக்கிள் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். கயிற்று ஷாக்கிள் 150 கிராம்கூட வராது, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், சேற்றில் திருகு சிக்கிக்கொள்ளும் தொல்லை இல்லை. அறுந்தாலும் இரும்புக் குண்டாகப் பறந்து வராது. இதெல்லாம் உண்மை. ஆனால் கூர்விளிம்பிலும் பாறை உரசலிலும் சைலன்சர் பக்கத்துச் சூட்டிலும் இரும்புதான் நிற்கும்.

கிணற்று மோட்டார் தூக்க, எஞ்சின் இறக்கப் பயன்படுத்தலாமா?

கூடாது. கீழே ஆள் நிற்கும் எந்தத் தூக்கு வேலைக்கும், ஆளையே தாங்கும் எந்த வேலைக்கும் வேண்டாம்.

நண்பர் தன் பழைய கயிற்றைச் சும்மா தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

எந்த முனை டிரம்மில் இருந்தது, எந்த முனை கொக்கியில் என்று அவரால் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். போட்டிக்காரர்களின் கயிறு என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள். 2014-இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா மாதிரி மழைக்காலப் போட்டிகளில் ஒரு வின்ச் சில நாட்களில் இழுப்பது, நாம் வருஷக்கணக்கில் இழுப்பதற்குச் சமம். அந்தக் கயிற்றில் நடுப்பகுதியும் முழுக்க உழைத்திருக்கும், சேற்று மணல் உள்ளே வரை போயிருக்கும்.

செய்த ஷாக்கிளை எப்போது கழிப்பது?

எந்தக் கயிற்றிலிருந்து, எந்த மாதம் செய்தது என்று வாலில் நிற நூல் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். சேற்றிலிருந்து வந்ததும் கழுவி, நிழலில் காயவைத்து, துணிப்பையில் போடுங்கள். பம்பரில் தொங்கவிட்டு வெயிலில் வைத்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், கயிற்றுக்கு ஆகாது. ஒரு புரி அறுந்தாலோ, பொத்தானின் கழுத்தில் இழை வெட்டுப்பட்டிருந்தாலோ, ஒருமுறை தவறிப்போய்க் கப்பி இழுப்பில் மாட்டியிருந்தாலோ, அதோடு சரி. பழுது பார்க்க முயல வேண்டாம். நடுவில் வெட்டிவிடுங்கள், முழுசாக விட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

கழித்த துண்டுகளை என்ன செய்வது?

எரிக்காதீர்கள், பிளாஸ்டிக்தான் அது. அடிச்சுற்றுக் கயிறு கேரியரில் டீசல் கேன் கட்ட நன்றாக உழைக்கும். கொக்கி முனையில் இருந்த நைலான் உறையைக் கழற்றி வைத்துக்கொண்டால், புது ஷாக்கிளின் உடலில் உரசல் காப்பாகப் போடலாம். ஆனால் உடலைப் புதைத்ததும், முடிச்சுப் போடுவதற்கு முன்பே உறையை நுழைத்துவிட வேண்டும். முடிச்சு இறுகிய பிறகு நினைவு வந்து என்ன பயன், பொத்தானைத் தாண்டி உறை ஏறாது.